மெழுகு ஹுவாரியா

வஹ்ரான் ஊரில் ஹுவாரியா என்ற பெயருக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்குக் காவல் என்று எல்லோரும் நம்புகிற மகான் சீதி ஹுவாரியின் பெயரைப் பெண்ணுக்கு வைக்காத குடும்பம் இங்கே அபூர்வம். தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி பால்கனிகள் எட்டிப் பார்க்கும். அதனால் ஆளுக்கு ஒரு அடைமொழி. தையல் ஹுவாரியா, குண்டு ஹுவாரியா, வாயாடி ஹுவாரியா. நம்முடையவள் மெழுகு ஹுவாரியா.

பெயரைக் கேட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு மெழுகுவர்த்தி வாங்க வந்தவர்களும் உண்டு. "அந்த மெழுகு இல்ல தாயி, இது பல்லுக்கு" என்பாள். சொல்லும்போதே இடது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கதை என்றும் சொல்லலாம்.

பல்லுக்குக் கிளிப் போட்டவர்களைக் கேட்டால் தெரியும். கம்பி நுனி கன்னத்துக்குள் குத்தும். உதட்டைப் புண்ணாக்கும். ஒரு மிளகு அளவு மெழுகை உருட்டி அந்த நுனியில் ஒட்டினால் அன்றைக்குத் தூக்கம் வரும், இல்லாவிட்டால் வராது. இதோடு கம்பி இடுக்கில் நுழைகிற குட்டி பிரஷ் வேண்டும், கம்பிக்கு அடியில் நூல் கோக்க வளைந்த பிளாஸ்டிக் ஊசி வேண்டும். வஹ்ரானில் கிளிப் போட்டுவிட டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்தச் சில்லறைச் சாமான்கள்தான் இல்லை. மருந்துக் கடையில் கேட்டால் "கப்பல்ல வருது" என்பார்கள். எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று கேட்கக்கூடாது.

உண்மையில் கப்பலில்தான் வந்தது, மருந்துக் கடைக்கு இல்லை. கடலுக்கு அக்கரையில் இருக்கும் அலிகாந்தே துறைமுகத்துக்கும் நம் துறைமுகத்துக்கும் போய்வரும் கப்பலில் ஸூலீகா என்கிற கைம்பெண் மூட்டை மூட்டையாகத் துணியும் வாசனைத் தைலமும் கொண்டுவருவாள். அந்த மூட்டைக்குள் ஹுவாரியா கேட்ட மெழுகும் பிரஷும் வரும். அதைத் தோளில் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பல் டாக்டர் நஸீமாவின் வாசலிலிருந்து மதீனா ஜ்தீதா சந்தை வரைக்கும், பள்ளிக்கூட வாசலிலிருந்து வங்கி வாசல் வரைக்கும் ஹுவாரியா நடந்த நடைக்குக் கணக்கில்லை. காலில் சக்கரம். உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தவள் என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. ஜன்னலோரம் நின்றுதான் குடிப்பாள், அதிலும் ஒரு கண் தெருவில் இருக்கும்.

"உன் நாற்காலியில ஆணி ஏதாவது இருக்கா?" என்று அக்கா கெய்ரா கேட்பாள்.

"உக்காந்தா நெனப்பு வரும் கெய்ரா. நடந்தா வராது."

அந்த நினைப்பு இதுதான்.

பத்தொன்பது வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது அவள் முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நெரிசலில் நிற்கிற பஸ் பயணிகள் மாதிரி இருக்கும். பெரியம்மா அவளை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "வாயைத் தொறக்காத. கேட்டதுக்குத் தலையை ஆட்டு. வெக்கப்படுறானு நெனச்சுக்குவாங்க." அப்படியே நினைத்துக்கொண்டார்கள். அடக்கமான பெண் என்று மெச்சிக்கொண்டு கட்டிக்கொண்டு போனார்கள். கல்யாணம் முடிந்த வாரம் புருஷன் ஏதோ வேடிக்கை சொல்ல, பாவம், அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் முகம் மாறியது. "மூடி வெச்சு வித்துட்டாங்க" என்று அவன் அம்மா தெருவுக்கே கேட்கச் சொன்னாள். வருஷம் திரும்புவதற்குள் ஹுவாரியா பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். இன்னும் ஆயிரம் காரணம் இருந்திருக்கும். ஆனால் ஊர் சொன்ன காரணம் பல். அன்றிலிருந்து எதற்குச் சிரித்தாலும் அந்த இடது கை முதலில் வந்து நிற்கும்.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல் போய்க் கிளிப் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டடம் முழுக்கச் சிரிப்பு. "பல்லு விழுற வயசுல பல்லை நிமித்துறாளாம்!" என்று மாடிப்படியில் ஒருத்தி சொன்னாள். "பள்ளிக்கூடத்துக்கும் பேர் குடுத்துட்டியா?" என்றாள் இன்னொருத்தி. கம்பி கன்னத்தைக் கிழித்தது. மெழுகு தேடி ஊரைச் சல்லடையாகச் சலித்தாள். கிடைக்காமல் வீட்டு மெழுகுவர்த்தியை உருக்கி ஒட்டி நாக்கைச் சுட்டுக்கொண்டாள். கடைசியில் ஸூலீகாவின் மூட்டையில் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து அதை ஒட்டிக்கொண்டபோது அங்கே இருந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "அத்தை, எனக்கு? எனக்கு?" அன்று தொடங்கியது வியாபாரம்.

சாமான் வாங்குகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு பாட்டு பாடி அனுப்புவாள். பாதாமைக் கடிக்காதே. மிட்டாயை மெல்லாதே. எல்லாவற்றையும்விட முக்கியம், சுவாக் பக்கம் போகாதே. சுவாக் என்றால் அக்ரூட் மரப்பட்டை. கல்யாணம் விசேஷம் என்றால் எங்கள் பெண்கள் அதை வாயில் போட்டு மெல்வார்கள். பல் வெளுக்கும், உதடும் ஈறும் வெற்றிலை போட்ட மாதிரி சிவக்கும். மணப்பெண்ணின் வாயில் சுவாக் இல்லையென்றால் அது என்ன மருதாணி விசேஷம்? ஆனால் பளிங்கு மாதிரி கிளிப் போட்டவர்களுக்குக் கம்பியைப் பிடித்திருப்பது நிறமில்லாத சின்ன ரப்பர் வளையங்கள். அதில் சுவாக் சாறு பட்டால் செங்கல் நிறம் ஏறிக்கொள்ளும். தேய்த்தாலும் போகாது. வளையத்தையே மாற்ற வேண்டும். "பல்லு சுத்தமாகும்னு போய் மெல்லாதீங்கடி" என்று தொண்டை வறளச் சொல்வாள். முஸ்தகானிம் ஊருக்கு அனுப்புகிற பொட்டலங்களோடும் இந்தச் சேதி போகும்.

அந்தப் பொட்டலங்களைக் கொண்டுபோனவர் மிலூத். இரண்டு ஊருக்கும் நடுவே ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர். மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் டாக்ஸி நிறுத்தத்தில் இருவரும் கரன்தீக்கா வாங்கினார்கள். கடலை மாவில் சூடாகச் சுட்டு ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது. ரொட்டியைக் கடிக்க முடியாமல் ஹுவாரியா அந்தப் பக்கம் திரும்பி நின்று பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள். அதை அவர் பார்த்தார். மறு வாரம் அவளுக்கென்று ரொட்டி இல்லாமல், காகிதத்தில் தனியாக, ஓரம் கருகாத துண்டாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சீரகம் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். "உங்க கம்பியில மாட்டிக்குமேனு."

இதைக் கேட்டால் யாருக்குத்தான் மனம் கரையாது? அவளுக்கும் கரைந்தது.

வசந்த காலத்தில், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார். கோடைகாலம் வந்தும் அவள் பதில் சொல்லவில்லை. கடைசியில் தலையை ஆட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்கு அம்மா இல்ல. அக்கா பத்ராதான் வளத்தாங்க. அவங்க ஒருதரம் வந்து உங்களப் பாத்துடணும். வேணாம்னு அவங்க சொன்னா என்னால மீற முடியாது. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வரட்டுமா?"

மறுபடியும் ஒரு பெண் பார்ப்பு. வீட்டுக்கு வந்ததும் ஹுவாரியா குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் பால்கனிக்கும் நடந்தாள்.

"கெய்ரா, இந்தத் தடவை நான் வாயை மூடமாட்டேன். அவங்க வந்ததும் நல்லா பல்லைக் காட்டிச் சிரிக்கப்போறேன். இருக்கிறது இதுதான், பாத்துக்கோங்கனு. புடிச்சா சரி, புடிக்கலைன்னா இப்பவே போகட்டும்."

"சரிடி, சிரி. முதல்ல உக்காரு, எனக்குத் தலை சுத்துது."

அதே வாரத்தில்தான் கீழ்மாடி இக்லாஸின் கல்யாணமும் வந்தது. இக்லாஸ் அவளுடைய முதல் வாடிக்கைக்காரிகளில் ஒருத்தி. கிளிப் கழற்ற இன்னும் மாதங்கள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டாரோ, முஸ்தகானிம்காரர்கள், நாள் தள்ளமாட்டோம் என்றுவிட்டார்கள். "போட்டோவுல பல்லு பளிச்னு இருக்கணும் அத்தை" என்று அந்தப் பெண் அழுதாள். ஸூலீகா கடைசிக் கப்பலில் நிறமில்லாத வளையம் ஒரே ஒரு பாக்கெட் கொண்டுவந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை இருவரும் டாக்டர் நஸீமாவிடம் போய் உட்கார்ந்தார்கள். பாக்கெட்டில் பாதி மணப்பெண்ணுக்கு, பாதி ஹுவாரியாவுக்கு. புது வளையம் போட்டதும் இரண்டு பேர் பல்லும் மழையில் கழுவிய ஜன்னல் மாதிரி இருந்தது. "நாளையில இருந்து நான் லீவு, ஊருக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையைக் கழுவினார். வரும் வழியில் ஹுவாரியா கடைக் கண்ணாடிகளில் எல்லாம் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு கசாப்புக் கடைக்காரர் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்துத் தலையைக் கோதிக்கொண்டார்.

புதன்கிழமை மருதாணி. கீழ்மாடி வீட்டில் பெண்கள் கூட்டம். மேளம், வியர்வை, ஆரஞ்சுப் பூ வாசனை. இக்லாஸ் மணி கோத்த பட்டு அங்கியில், பொம்மை மாதிரி அசையாமல் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் குலவையிட்டுக்கொண்டே தட்டுகளோடு நுழைந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் அம்மா ரஹ்மூனா. மக்காவுக்குப் போய் வந்தவர், அதனால் எல்லோருக்கும் ஹாஜா. குரலும் அப்படி. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஒல்லி அம்மாள் சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டவர் போல. தட்டில் மருதாணி, மை, கல்கண்டு, பட்டு நாடாவில் கட்டிய சுவாக் கட்டு.

அதைப் பார்த்ததுமே ஹுவாரியா எட்டி மணப்பெண்ணின் வாயைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு வழக்கம்" என்று அறிவித்தார் ரஹ்மூனா. "முதல் துண்டை மாமியார் கையால மருமக வாயில வெக்கணும். இனிமே இவ பேச்சு எங்க வீட்டுப் பேச்சு. வாயைத் தொற மகளே!"

இக்லாஸின் அம்மா மெதுவாக, "ஹாஜா, பிள்ளைக்குக் கிளிப் போட்டிருக்கு…" என்றாள்.

"போட்டிருந்தா என்ன? சுவாக் பட்டா கம்பியும் பளபளக்கும்! எங்க சீரை வேணாங்கிறீங்களா?"

மேளம் நின்றுவிட்டது. சீரை மறுப்பது என்றால் சாதாரண விஷயமா? பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இக்லாஸ் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, ஹுவாரியாவைத் தேடினாள். ரஹ்மூனாவின் கை, பட்டைத் துண்டோடு, கிட்டே வந்துகொண்டிருந்தது.

"இருங்க ஹாஜா!" ஹுவாரியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். "எங்க வஹ்ரான் வழக்கத்தை மறந்துட்டீங்களே!"

"என்ன வழக்கம்?"

என்ன வழக்கம் என்று அவளுக்கே தெரியாது. வாய் பாட்டுக்குப் பேசியது. "முதல் துண்டுல கசப்பு இருக்கும். பொண்ணு வீட்டுப் பெரிய பொம்பளை ஒருத்தி அதை மென்னு, கசப்பை அவ எடுத்துக்கணும். அப்பதான் மணப்பொண்ணுக்கு மாமியார் வீட்டுல இனிப்பு மட்டும் நிக்கும். இல்லைன்னா மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்தே போகாதுன்னு சொல்வாங்க!"

ரஹ்மூனா ஒரு கணம் யோசித்தார். ஒத்துப்போகாது என்ற சொல் அவரை லேசாக அசைத்துவிட்டது. அந்த ஒரு கணம் போதும். ஹுவாரியா அவர் கையிலிருந்த துண்டை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மென்றாள். காரமும் கசப்புமாகச் சாறு இறங்கியது. செவ்வாய்க்கிழமைப் புது வளையங்கள் ஒவ்வொன்றாக நிறம் ஏறுவது நாக்குக்கே தெரிகிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை என்று மனம் கூவியது. வாய் நிற்கவில்லை.

"போதும், கசப்பு போயிருக்கும்" என்றார் ரஹ்மூனா, இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டே.

"எங்க ஹாஜா! இது ரொம்பக் கசப்பு. பெரிய குடும்பத்து மருமகள்னா சும்மாவா? குடுங்க அதையும்." அதையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். மூன்றாவதையும். இக்லாஸின் சித்திமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தி குலவை எடுத்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், மேளம் வெளுத்துக் கட்டியது. கட்டு முழுவதும் ஹுவாரியாவின் வாய்க்குள் போனது. கடைசியில் மணப்பெண்ணின் வாயில் ஒரு கல்கண்டை வைத்து, "பாருங்க, இனிப்பு மட்டும் நின்னுச்சு!" என்று முடித்தாள். ரஹ்மூனாவுக்கு மெத்தத் திருப்தி. கறுப்புக் கண்ணாடி அம்மாள் மட்டும் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஹுவாரியாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடிக்கு ஓடிவந்து கண்ணாடியைப் பார்த்தாள். மேல் வரிசை, கீழ் வரிசை, அத்தனையும் துருப் பிடித்த ஆணி வரிசை மாதிரி இருந்தது. சோடா உப்பால் தேய்த்தாள். எலுமிச்சையால் தேய்த்தாள். பல் கூசியதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை ஊரே கல்யாண ஊர்வலத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, ஹுவாரியா முகத்திரையை மூக்குவரை இழுத்துக்கொண்டு மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி இறங்கினாள். ஸூலீகாவுக்குப் போன் போட்டாள். "கப்பல் இன்னும் அலிகாந்தேயிலயே நிக்குது, காத்து சரியில்லையாம்" என்றாள் அவள். டாக்டர் நஸீமாவின் கதவில் விடுமுறைப் பலகை. வேறு டாக்டர்களிடம் கேட்டால், வளையம் இருக்கிறது, நீலமும் பச்சையும்தான், அதுவும் அடுத்த வாரம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். துறைமுகத் தெருக் கடையில் ஒரு புதுப் பையன் அவளிடம் மரியாதையாகச் சொன்னான்:

"எங்ககிட்ட இல்லம்மா. இந்த ஊர்ல இது கிடைக்கணும்னா ஒரே ஆள்தான். மெழுகு ஹுவாரியானு ஒரு அம்மா இருக்காங்க. அவங்களக் கேட்டுப் பாருங்க."

"கேட்டேன் தம்பி" என்றாள் அவள் முகத்திரைக்குள்ளிருந்து. "அவகிட்டயும் இல்லியாம்."

வெளியே வந்து நடைபாதையில் நின்றபோது அழுகை வந்தது. தன்மேலேயே கோபம். ஊருக்கெல்லாம் தேடிக் கொடுத்தவளுக்கு ஒன்று கிடைக்கவில்லையே என்ற கோபம் ஒரு பக்கம். யாரோ பெற்ற பெண்ணின் போட்டோவுக்காகத் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டேனே என்கிற கோபம் இன்னொரு பக்கம். ஆனால் அந்த நேரம் ஊர்வலக் கார் அவளைக் கடந்து போனது. ஜன்னலில் இக்லாஸ், பல் முழுக்கப் பளிச்சென்று, அவளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். ஹுவாரியாவும் கையாட்டினாள். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் மறுபடியும் இதையேதான் செய்வோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, கூஸ்கூஸ் பாத்திரம் கழுவி, காபி வைத்தாயிற்று. ஹுவாரியா நடந்தபடியே இருந்தாள்.

"நான் சொல்றதக் கேளு" என்றாள் கெய்ரா. "இன்னிக்கு ஒருநாள் வாயைத் தொறக்காத. ஆமா, இல்லனு தலையை ஆட்டு. வெக்கம்னு நெனச்சுக்குவாங்க. கல்யாணத்துக்குள்ள வளையம் மாத்திக்கலாம்."

ஹுவாரியா நின்றுவிட்டாள். அதே அடுப்படி, அதே வார்த்தை. பெரியம்மா செத்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். மிலூத் பின்னால், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. முன்னால் நின்றவர் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒல்லி அம்மாள்.

சீர்த்தட்டு அம்மாள்! புதன்கிழமை ரஹ்மூனா வீட்டுக் கூட்டத்தோடு வந்தவர். அவர்களை மிலூத்தான் வண்டியில் கூட்டிவந்திருப்பார். ரஹ்மூனாவும் மிலூத்தும் பக்கத்துப் பக்கத்து வீடு போலிருக்கிறது, கூடவே அக்கா பத்ராவும் வந்திருக்கிறார். ஹுவாரியா ஒரு அடி பின்னால் வைத்தாள். பல்லை மட்டுமா பார்த்தார் இவர்? கூட்டத்துக்கு நடுவே, கண் இமைக்காமல், புளுகியதையும் அல்லவா பார்த்தார். கை தானாக எழுந்து வாயை மூடியது.

உட்கார்ந்தார்கள். ஹுவாரியா காபித் தட்டோடு நின்றாள். பேச்செல்லாம் கெய்ராதான். பத்ரா காபியைத் தொடவில்லை.

"உங்க தங்கச்சிக்குத் தொண்டை கட்டிருச்சா?" என்றார் கடைசியில். "புதன்கிழமை நல்லாத்தானே பேசினாங்க."

கெய்ரா முழித்தாள். மிலூத் தரையைப் பார்த்தார்.

"அந்தக் கசப்பெடுக்கிற வழக்கம், அது எந்த ஊர் வழக்கம் மகளே? முஸ்தகானிம்ல இருந்து திலிம்ஸான் வரைக்கும் நான் பாக்காத கல்யாணம் இல்ல. எங்கயும் இப்படி ஒண்ணைக் கண்டதில்லயே."

"அது எங்க அம்மா வழியில…" என்று கெய்ரா பாய்ந்தாள்.

"கெய்ரா, சும்மா இரு." ஹுவாரியா தட்டைக் கீழே வைத்தாள். "அப்படி ஒரு வழக்கமே இல்லக்கா. அந்த நிமிஷம் வாயில வந்தது. பொய்தான். அந்தப் பொண்ணோட பல்லு வீணாப் போயிடும்னு சொன்னேன். இப்ப வீணாப் போனது இது. பாத்துடுங்க."

கையை எடுத்தாள். வாயைத் திறந்து காட்டினாள், மேல் வரிசை, கீழ் வரிசை, செங்கல் நிறத்தில் அத்தனையும்.

"சின்ன வயசுல என்னைப் பாக்க வந்தவங்ககிட்ட இதை மூடி வெச்சேன். அந்தக் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிக்கல. மறுபடியும் மூட என்னால முடியாது. புடிக்கலைன்னா சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

கடைசி வாக்கியமும் பொய்தான். நினைத்துக்கொள்வாள், சாகிறவரைக்கும்.

பத்ரா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் ஆன கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்து, மாடு வாங்கப் போனவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் புடிச்சிருக்கு" என்றார். "என் மருதாணிக்கு எனக்கே இவ்வளவு சிவக்கல."

மிலூத்துக்கு இருமல் வந்தது.

"என் சின்ன மகளும் கிளிப் போட்டிருக்கா. நீ அனுப்புற மெழுகுதான் அவளுக்கு. சுவாக் கூடாதுன்னு நீ சொல்லி விட்ட சேதியை இவன் வந்து வாசல்ல நின்னு கூவுவான். புதன்கிழமை ரஹ்மூனா அந்தத் துண்டை எடுத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. நிறுத்துனு சொல்ல எனக்குத் தைரியம் வரல. தட்டைப் புடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன்." அவர் கண்ணாடியை மடியில் வைத்துத் துடைத்தார். "இப்ப அந்த ரஹ்மூனா என்ன பண்ணிட்டா தெரியுமா? ஊர் பூரா சொல்லிட்டா. வஹ்ரான்ல அருமையான வழக்கம் ஒண்ணு, கசப்பை ஒரு பொம்பளை எடுத்துக்கணுமாம்னு."

"ஐயோ" என்றாள் ஹுவாரியா.

"என்ன ஐயோ! அடுத்த மாசம் என் பெரிய மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுல கேட்டு விட்டிருக்காங்க, உங்க வீட்டுல கசப்பெடுக்கிறது யாருன்னு." பத்ரா வாயைத் திறந்து காட்டினார். கடைவாயில் ஒன்றும் இல்லை. "எனக்கு மெல்லப் பல்லு கிடையாது. இவன் பொண்டாட்டி போனதுல இருந்து எங்க வீட்டுல வேற பொம்பளையும் கிடையாது. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வருவியா? விருந்தாளியா இல்ல. விருந்தாளி மெல்லக்கூடாதாமே, வீட்டுப் பொம்பளைதான் மெல்லணுமாம். வழக்கம் உன்னுது, உனக்குத் தெரியாததா?"

கெய்ரா முக்காட்டு நுனியில் மூக்கைச் சிந்தினாள். மிலூத் தொப்பியைத் தலையில் வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்.

"வரேன்கா" என்றாள் ஹுவாரியா. "எவ்வளவு கட்டு வேணாலும் மெல்றேன்."

"அப்ப முதல்ல உக்காரு. இந்தப் பொண்ணு ஏன் நின்னுக்கிட்டே இருக்கா?"

ஹுவாரியா உட்கார்ந்தாள். பத்ரா ஒரு கோப்பைக் காபியை எடுத்து அவளிடம் நீட்டினார். "கசப்புன்னா சொல்லு, சக்கரை போடச் சொல்றேன்" என்றார். ஹுவாரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு முழுசாக, சத்தமாக, செங்கல் நிறப் பல் அத்தனையும் தெரிய அறைக்குள் வந்தது. இடது கை எழவில்லை. அது கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.